சின்னப் பிள்ளைகளோடும் சொந்தபந்தங்களோடும் கிறிஸ்துமஸ்: முதல்முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு

கல்யாணமாகிச் சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருக்கிறீர்கள். வீட்டில் மூன்று வயதிலும் ஆறு வயதிலுமாகப் பிள்ளைகள். இந்த வருஷம் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் இருக்கும் பெரிய வீட்டில், ஆச்சி, தாத்தா, பெரியப்பா, அத்தை, மாமா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரோடும் கிறிஸ்துமஸ் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் வேறு மதத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். என்ன செய்வது, எப்போது செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சின்னப் பிள்ளைக்குப் பண்டிகை என்பது அதன் கையில் கொடுக்கப்படும் வேலைதான். பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்யும் அலங்காரம் அதற்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும். கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளித்ததும், பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு தூக்கிக்கொண்டு போனதும் மறக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைக்கு என்ன வேலை என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

அக்டோபர்: டிக்கெட், எந்த வீடு என்ற பேச்சு

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. டிசம்பர் 20 ராத்திரி வண்டி ஏற வேண்டுமானால், அக்டோபர் 21 காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்கார்ந்துவிட வேண்டும். நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் அந்த நாள்களின் இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஐந்து வயது முடியாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் டிக்கெட்டே தேவையில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் இரவு முழுக்கப் படுத்து வந்தால் அடுத்த நாள் இருவருக்குமே உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். முடிந்தால் படுக்கை எடுத்துவிடுங்கள்.

24ஆம் தேதி காலையில் போய் இறங்கும்படி திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தென்மாவட்டங்களில் அடித்துப் பெய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்று பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருவர் பிள்ளைகளோடு முன்னால் போய்விடுவது நல்லது.

எந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்பதையும் அக்டோபரிலேயே பேசி முடியுங்கள். 24, 25 ஒரு வீட்டில், 26 மதியம் மற்ற வீட்டில் என்பது பெரும்பாலான குடும்பங்களில் ஒத்துவரும் ஏற்பாடு. அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். தலைக் கிறிஸ்துமஸ் என்றால் பெண் வீட்டில்தான் என்று பல வீடுகளில் பிடிவாதமாக இருப்பார்கள், அதை மதித்துவிடுங்கள். முடிவெடுத்ததும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போன் போட்டு ஒரே மாதிரி சொல்லிவிட வேண்டும். "அங்க மட்டும் முன்னாலேயே சொன்னியா?" என்ற வருத்தம் பண்டிகை முழுக்க ஓடும்.

அந்த வருஷம் குடும்பத்தில் துட்டி (சாவு) விழுந்திருந்தால் வீட்டில் ஸ்டார் கட்டாமல், பலகாரம் சுடாமல் இருப்பது வழக்கம். கோவிலுக்கு (சர்ச்சுக்கு) மட்டும் போவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீங்கள் போகும் வீடு அப்படியானதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமும் "இந்தத் தடவ தாத்தா இல்லாததால வீட்டில் ஸ்டார் இல்ல" என்று நேராகவே சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

நவம்பர் கடைசி: ஸ்டார், துணி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் ஆயத்தக் காலம். கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். இது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும். அன்றைக்கோ டிசம்பர் முதல் தேதியிலோ வாசலில் ஸ்டார் ஏறிவிட வேண்டும். மூங்கில் குச்சியை நூலில் கட்டி, கலர் பேப்பர் ஒட்டி வீட்டிலேயே செய்த ஸ்டாருக்கு ஈடில்லை. ஆனால் மழை நனைக்கும் திறந்த மாடியில் அது இரண்டு நாள் தாங்காது. வராண்டாவுக்குள் காகித ஸ்டார், மாடிக்கு பிளாஸ்டிக் ஸ்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போடும் பல்பு எல்.இ.டி.யாக இருக்கட்டும், பழைய குண்டு பல்பின் சூட்டுக்குக் காகிதம் கருகும். நீங்கள் குடியிருக்கும் நகரத்து ஃபிளாட்டிலும் ஒன்று கட்டுங்கள். ஊருக்குப் போனால்தான் கிறிஸ்துமஸ் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. சாயங்காலம் ஸ்டார் சுவிட்சைப் போடுவது வீட்டின் கடைக்குட்டியின் வேலை. வேறு யாரும் போடக் கூடாது என்று சட்டமே வையுங்கள்.

தையல்காரரிடம் துணி கொடுப்பதென்றால் நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜரிகை, நெட் வைத்த கவுனும் கழுத்தை இறுக்கும் குர்தாவும் வேண்டாம். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் பிள்ளை அழுதால் யாருக்கும் நிம்மதி இருக்காது. பருத்தியில் எடுங்கள், அல்லது உள்ளே ஒரு பனியன் போடுங்கள். பெரியவர்களுக்குத் துணி எடுக்கும்போது கணவன் வீட்டு ஆச்சிக்கும் மனைவி வீட்டு ஆச்சிக்கும் ஒரே விலையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

டிசம்பர் நடுவில்: குடில்

குடில் (இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைப்பது) வைக்கும் வழக்கம் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் என்ற புனிதர் மாட்டுத் தொழுவத்தை உயிருள்ள மிருகங்களோடு அமைத்துக் காட்டியதிலிருந்து பரவியது என்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் இது கட்டாயம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) வீடுகளிலும் இப்போது நிறையப் பேர் வைக்கிறார்கள்.

எனக்குப் பிள்ளைகளோடு செய்ய மிகவும் பிடித்த வேலை இதுதான். டிசம்பர் 13, 14 தேதிவாக்கில் அகலமான தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவச் சொல்லுங்கள். முந்தின இரவே ஊறவைத்திருந்தால் சீக்கிரம் முளைக்கும். மேலே மெல்லிசாக மண்ணைத் தூவி, தினமும் காலையில் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மூன்று நான்கு நாளில் ஊசிபோலப் பச்சை எட்டிப் பார்க்கும், பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்ததும் அங்கேதான் ஓடும். ஊருக்குக் கிளம்பும்போது தட்டையும் கையோடு எடுத்துப் போனால், 24ஆம் தேதிக்குள் விரல் உயரப் புல்வெளி தயார். ஆட்டுக்குட்டிப் பொம்மைகளை அதில் நிறுத்தலாம்.

பொம்மைகள் களிமண்ணோ பிளாஸ்டரோ என்றால் சின்னப் பிள்ளைகள் உடைக்கத்தான் செய்வார்கள். காலொடிந்த ஒட்டகம் இல்லாத வீடு ஏது? ஃபெவிகால் போட்டு ஒட்டி அடுத்த வருஷமும் வையுங்கள். குழந்தை இயேசுவை மட்டும் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி ஆச்சியின் பீரோவில் வைத்துவிட வேண்டும். அதை 24 இரவுதான் தொட்டிலில் வைப்பது வழக்கம். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகளின் பொம்மைகளைத் தூரத்தில், ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வரச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பொறுப்பு. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவர்கள் குடிலுக்கு வந்து சேரட்டும்.

பலகாரம்

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுக்களைதான் நடுவீடு. 20லிருந்து 23 வரை எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே இருக்கும். புதிதாக வந்த மருமகளோ மருமகனோ "நான் என்ன செய்யட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "நீ உக்காரு" என்றுதான் பதில் வரும். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "தேங்காய நான் துருவட்டுமா, மைனி?" அப்போது இடம் கிடைக்கும்.

முந்திரிக்கொத்து நாகர்கோவில் பக்கத்துப் பலகாரம், தெற்கே எல்லா வீட்டிலும் உண்டு. சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். ஒரு கிலோ பயறுக்கு முக்கால் கிலோ கருப்பட்டியோ வெல்லமோ போதும். தேங்காய்த் துருவலை ஈரமில்லாமல் நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும். பலகாரம் இரண்டு வாரம் கெடாமல் இருப்பதும் மூன்றாம் நாளே சிக்கு வாடை அடிப்பதும் அந்த வறுவலில்தான் இருக்கிறது. ஏலம், சுக்கு, எள் சேர்த்து, சூடான பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு நான்கு வயதுக் கையே போதும். உருண்டை கோணலாக வந்தால் யாரும் திருத்த வேண்டாம், மாவில் முக்கிப் பொரித்தால் எல்லாம் ஒன்றுதான். உருண்டைகளை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மஞ்சள் தூள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விடுவது பெரியவர்கள் வேலை.

அச்சுமுறுக்கில் பிள்ளைகளுக்கு வேலை கிடையாது. கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நடக்கும் வேலை அது. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புது அச்சு என்றால் முந்தின நாளே எண்ணெயில் ஊறப்போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் பூ கழன்று விழாது.

கலகலா வெட்டுவது, சர்க்கரை உருட்டுவது, டப்பாவில் அடுக்குவது, எண்ணிப் பொட்டலம் போடுவது, இவையெல்லாம் பிள்ளைகளுக்கு. கேக்கைப் பொறுத்தவரை, ஊறவைத்த பழங்களை நவம்பரிலேயே பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். ரம்மில் ஊறவைப்பதை நிறைய சி.எஸ்.ஐ. வீடுகளில் விரும்ப மாட்டார்கள், திராட்சைச் சாறு போதும். நேரமில்லையென்றால் கேக்கைக் கடையில் வாங்கிவிடுங்கள், கூடவே ஒரு பெட்டி தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும்தான் அதில், பல்லில்லாத தாத்தாவுக்கும் கரையும்.

இனி, பக்கத்து வீடுகள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உங்கள் வீட்டுக்கு வந்த தட்டுகளுக்குப் பதில் தட்டு போக வேண்டிய நாள் இது. மார்கழி மாதம், மண்டல பூஜை நேரம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருக்கும் வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக்கோ அச்சுமுறுக்கோ கொடுக்கக் கூடாது. அவர்களுக்கென்று முட்டையில்லாத முந்திரிக்கொத்து, அதிரசம் என்று முதல் சட்டி எண்ணெயிலேயே சுட்டு, கூடவே வாழைப்பழமும் சேர்த்துத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆச்சியிடம் கேட்டால் எந்த வீட்டுக்கு எது என்று விரல்விட்டுச் சொல்வார். தட்டைத் தூக்கிக்கொண்டு போவது பிள்ளைகள். கதவு திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

கேரல் ரவுண்ட்ஸ்

வீடு வீடாகப் பாடிவரும் கோவில் பாட்டுக் குழுவினர் இரவு பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். டோலக், கிட்டார், ஒரு பெட்ரோமாக்ஸ் அல்லது டார்ச், பின்னால் வாலிபர் கூட்டம். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கைக் கவர். இத்தனை பேருக்கும் சுக்குக் காப்பியோ டீயோ கொடுத்தால் அவர்கள் அடுத்த தெருவுக்குத் தெம்பாகப் போவார்கள். கவரை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். நம்மூர்த் தாத்தா பிளாஸ்டிக் முகமூடி போட்டுக்கொண்டு, பலூனை ஆட்டிக்கொண்டு குதித்து ஆடி வருவார். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தவுடன் அந்த முகத்தைப் பார்க்கும் இரண்டு வயதுப் பிள்ளை வீறிட்டுக் கத்தும். அதைச் சுற்றி நின்று சிரித்து, பிள்ளையை அவர் கையில் திணித்து போட்டோ எடுப்பதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். இரண்டு நாள் முன்னால் பகலில், பிள்ளைக்குப் பழகிய சித்தப்பா ஒருவர் அதன் கண்முன்னாலேயே முகமூடியைப் போட்டுக் கழற்றிக் காட்டட்டும். பிள்ளையும் அதைத் தொட்டுப் போட்டுப் பார்க்கட்டும். அப்புறமும் பயந்தால் உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள், மிட்டாயை வாங்கி வந்து கொடுத்தால் போதும்.

24 சாயங்காலம்

மதியம் பிள்ளைகளைக் கட்டாயம் தூங்க வையுங்கள். ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட வேண்டும், வேலை மிச்சமிருந்தாலும். குளித்துவிட்டு எல்லோரும் குடில் முன்னால் உட்காருங்கள். பைபிளில் லூக்கா 2ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து 20ஆம் வசனம்வரை வாசிக்கலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் மேய்ப்பர்கள் வரும் 8லிருந்து 16வரை மட்டும் போதும். வாசிப்பது தாத்தாவாக இருக்கட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பேத்தி இருந்தால் ஒரு வசனத்தை அவளுக்குக் கொடுங்கள், அவள் முடிக்கும்வரை எல்லோரும் காத்திருங்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும்.

பரிசுக்கு ஒரு யோசனை. சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவரும் வாங்கிக் கட்டுப்படியாகாது, யார் பரிசு பெரிது என்ற ஒப்பீடும் வந்துவிடும். டிசம்பர் முதல் வாரமே குடும்ப வாட்ஸ்அப்பில் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கு ஒருவர், இருநூறு ரூபாய்க்குள் என்று வைத்துவிடுங்கள். பிரிப்பது 25 சாயங்காலம்.

எட்டு மணிக்குள் பிள்ளைகள் படுக்கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த மாமா, சித்தியெல்லாம் "இன்னைக்கு ஒரு நாள்தானே, விளையாடட்டும்" என்பார்கள். காலையில் எழுப்பப்போவது நீங்கள்தான்.

25 விடியற்காலை

கத்தோலிக்கக் கோவில் என்றால் 24 நள்ளிரவுத் திருப்பலி. சி.எஸ்.ஐ. கோவில்களில் பெரும்பாலும் விடியற்காலை நான்கு, நாலரை, ஐந்து மணிக்கு ஆராதனை. நேரத்தை முந்தின ஞாயிறு அறிவிப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "சின்னப் பிள்ளைகள், தூங்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாளையங்கோட்டைக் கதீட்ரலோ, கோட்டாறு சவேரியாரோ, பத்துத் தெரு உள்ள கிராமத்துக் கோவிலோ, இருட்டில் மணி அடித்துக்கொண்டிருக்க, குளிர்காற்றில் புதுத்துணி சரசரக்க ஊரே நடந்து போவதுதான் இந்தப் பண்டிகையின் உயிர். போகும் வழியில் தோளில் தூங்கினாலும் பரவாயில்லை.

துணி, பொட்டு நகை, ரிப்பன், குல்லா எல்லாம் பிள்ளைவாரியாக இரவே அடுக்கி வையுங்கள். ஒரு சின்னப் பையில் தண்ணீர், பிஸ்கட், மாற்றுத்துணி, ஒரு போர்வை. கிராமத்துக் கோவில்களில் செருப்பை வெளியே விட வேண்டும், திரும்பும்போது கூட்டத்தில் குட்டிச் செருப்பைத் தேட முடியாது. ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் கோவில்கள் இன்றும் நிறைய உண்டு. எந்தப் பிள்ளை யாரோடு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, பக்கவாசல் அருகில் இடம் பிடியுங்கள். அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய் ஸ்டார்களைக் காட்டிவிட்டு வரலாம். காணிக்கைப் பணத்தை முன்பே பிள்ளையின் சட்டைப்பையில் போட்டுவையுங்கள், தட்டு வரும்போது தானே எடுத்துப் போடட்டும்.

வேறு மதத்திலிருந்து வந்தவர்களுக்கு: பாட்டுக்கு எழுந்திருக்கும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நற்கருணைக்கு (அப்பமும் ரசமும் வாங்க) மட்டும் போக வேண்டாம். அது சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களுக்கும், கத்தோலிக்கத்தில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியவர்களுக்கும்தான். இருக்கையிலேயே இருப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். வயதானவர்களிடம் கைகூப்பி "ஸ்தோத்திரம், பாட்டி" என்று பிள்ளையைச் சொல்லச் சொன்னால், சுருக்குப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் வெளியே வரும்.

வீட்டுக்கு வந்ததும் இட்லியோ ஆப்பமோ, கூடவே ஆட்டுக்கறிக் குழம்பு. கறிக்கு முந்தின நாளே சொல்லிவைத்திருக்க வேண்டும், 25 காலையில் கறிக்கடை வரிசை தெருமுனைவரை நிற்கும். பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் கொஞ்சம் குழம்பை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எல்லோரும் ஒரு தூக்கம். மதியம் பிரியாணி. அதைப் பெரியப்பாவும் மாமாக்களும் கொல்லையில் விறகடுப்பில் வைத்துக்கொள்ளட்டும், மூன்று நாளாக அடுக்களையில் நின்ற பெண்களுக்கு அன்றைக்கு ஓய்வு. இதை ஆண்கள்தான் முன்வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகளின் நேரம். ஆளுக்கொரு பாட்டோ மனப்பாட வசனமோ சொல்லச் சொல்வார்கள். கூட்டத்தைப் பார்த்து வாயே திறக்காத பிள்ளையை விட்டுவிடுங்கள். ஆச்சி மடியில் உட்கார்ந்து காதுக்குள் சொன்னாலும் கணக்குத்தான். பிறகு பரிசு, பிறகு பட்டாசு. கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் போட ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நைலான் கவுனைக் கழற்றிப் பருத்திச் சட்டை மாற்றியிருக்க வேண்டும்.

26க்கு அப்புறம்

மற்ற ஆச்சி வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் களைத்துப்போயிருப்பார்கள். மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, வேறு எந்த வீட்டுக்கும் அன்று போகாதீர்கள். மிச்சச் சொந்தங்களுக்கு 27, 28 இருக்கிறது. அத்தைமார், சித்திமார் கட்டிக் கொடுக்கும் பலகாரத்தில் தேங்காய் சேர்ந்ததை முதலில் தின்று தீர்க்க வேண்டும்.

விடுமுறை இருந்தால் 31 இரவு ஆராதனைவரை தங்கலாம். அன்று வாக்குத்தத்த அட்டை (வேதவசனம் எழுதிய அட்டை) எடுக்கும்போது பிள்ளைக்கும் தனியாக ஒன்று எடுக்கக் கொடுத்து, நகரத்து வீட்டில் அதன் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள். குடிலை ஜனவரி 6 வரை கலைக்க வேண்டாம். முன்னாலேயே ஊரைவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் ஞானிகளை வந்து சேர்ந்ததாக வைத்துவிட்டுப் போங்கள். பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டிமேல் பெயரைப் பிள்ளையையே எழுதச் சொல்லி, பரண்மேல் ஏற்றிவிடுங்கள். கேழ்வரகுத் தட்டை ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடலாம்.